பாம்புக்கு விரிக்கும் பாய்

பாங்காக்கிலிருந்து சென்னையில் வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளில் பாம்புகள் பிடிபடும் செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. துணிப் பையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் அடைத்துக் கொண்டுவரப்படுபவற்றில் பால் பைத்தான் பலமுறை இடம்பெறும். கானா, டோகோ, பெனின் என மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வாழும் சிறு மலைப்பாம்பு அது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்த ஆங்கிலப் பெயர். எத்தனை பாம்பு, என்ன மதிப்பு, யார் கைது என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். வாங்கவிருந்தவர் அதை வீட்டில் எதன் மேல் கிடத்தப் போகிறார் என்பது மட்டும் இருக்காது. கூண்டுப் பாம்புக்கு வரும் நோய்களில் பல அந்தத் தரையிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்தியாவில் நல்ல பாம்பு, சாரை, நாட்டு மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. சட்டம் பட்டியலிட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்தன. ஆகவே இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளின் கதை. ஆனால் அந்தக் கதையின் ஒரு நுனி பொள்ளாச்சியில் இருக்கிறது.

அமெரிக்க, ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிக் கடைகளில் பாம்பு விரிப்புக்கென்றே ஓர் அலமாரி உண்டு. ஆஸ்பென் மரச்சீவல், சைப்ரஸ் பட்டைத் துண்டு, தேங்காய் நார்த்தூள், சாயமேற்றிய சுண்ணாம்பு மணல், அரைத்த அக்ரூட் ஓடு, மக்காச்சோளத் தக்கைத் துண்டு. பை தவறாமல் ‘முழுக்க இயற்கையானது’ என்று பறைசாற்றும். எட்டிக் கொட்டையும் முழுக்க இயற்கையானதுதான். அந்தச் சொல்லை நம்பிப் பையைத் தூக்கக் கூடாது.

சுண்ணாம்பு மணலை எடுத்துக்கொள்வோம். “விழுங்கினாலும் செரித்துவிடும், கால்சியமும் கிடைக்கும்” என்பது விளம்பரம். கால்சியம் கார்பனேட் என்பது நெஞ்செரிச்சலுக்கு மனிதர்கள் மெல்லும் அமில முறிவு மாத்திரையின் சரக்கு. மலைப்பாம்பின் வயிற்றுக்கு நேர் எதிரான ஒன்று தேவை. பர்மிய மலைப்பாம்பு பட்டினி கிடக்கும்போது வயிற்றில் அமிலமே இருப்பதில்லை. பிஎச் அளவு ஏறக்குறைய 7.5. எலி உள்ளே போன ஓரிரு நாளில் அது 1.5-க்கு இறங்கும். எலும்போடு ரோமத்தோடு முழு உடலையும் கரைக்கத் தயாராகும் அந்த உலைக்குள், ஈர எலியின் மேல் ஒட்டிக்கொண்டு அமில முறிவுத் தூளும் போகிறது. மிச்சம் கட்டிபிடித்துக் குடலை அடைக்கும். தக்கைத் துண்டும் அக்ரூட் ஓடும் அடைப்பதோடு கீறவும் கூடியவை. இந்த மூன்றையும் அலமாரியிலேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்த பொறி வாசனை. செடார் மரச்சீவல் மணக்கும். பை திறந்ததும் அறை முழுக்கப் புதுத் தச்சுப்பட்டறையின் மணம் வரும், கூண்டு சுத்தமாக இருப்பதாக ஒரு நிம்மதியும் வரும். பட்டுப் புடவைக்கு நடுவே வசம்பு வைக்கிறோமே, அதே வேலைக்காகத்தான் அமெரிக்கர்கள் கம்பளி உடுப்புகளைச் செடார் பெட்டியில் வைத்தார்கள். பூச்சி அண்டாது. பூச்சியை விரட்டும் ஆவியை, மூடிய பெட்டிக்குள் அடிப்பக்கம் சூடேற்றி, இரவும் பகலும் ஓர் உயிரைச் சுவாசிக்க வைப்பதற்குப் பெயர் சுத்தம் ஆகாது.

இந்த ஆவி உடம்புக்குள் என்ன செய்யும் என்பது 1967-இல் வேறொரு கேள்வியின் வழியாக வெளிவந்தது. அமெரிக்க ஆய்வாளர் எலியட் வெசெல் எலிகளுக்கு ஹெக்ஸோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்து எவ்வளவு நேரம் உறங்குகின்றன என்று அளந்தார். சிவப்பு செடார், பைன் சீவல்களின் மேல் வளர்ந்த எலிகள் சீக்கிரமே விழித்துக்கொண்டன. சீவலின் ஆவி அவற்றின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டிருந்தது, கல்லீரல் மருந்தை வேகமாக உடைத்துத் தள்ளிவிட்டது. பீச், பிர்ச், மேப்பிள் சீவல்களில் இந்த விளைவு இல்லை. மருந்தைச் சோதிப்பதாக நினைத்திருந்த ஆய்வகங்கள் அதுவரை தங்களை அறியாமல் படுக்கையையும் சேர்த்தே சோதித்து வந்திருக்கின்றன! எலியில் கண்டதைப் பாம்புக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாதுதான். ஆனால் பாம்பு தரையோடு முகம் வைத்து வாழும் பிராணி. நாக்கை நீட்டிக் காற்றிலும் தரையிலும் உள்ள வேதித் துகள்களை வாரி, அண்ணத்தில் உள்ள ஜேகப்சன் உறுப்புக்குக் கொண்டுபோவதே அதன் மோப்பம். பிசின் மணம் நிறைந்த தரை அதற்குக் கண்ணில் மிளகாய்த் தூள். ஆஸ்பென் மரத்துக்கு அந்தப் பிசின் மணம் கிடையாது. அமெரிக்காவின் கார்ன் பாம்பு அந்தச் சீவலுக்குள் வளை தோண்டி ஆனந்தமாக வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே ஆஸ்பெனைப் பால் பைத்தானுக்கு விரித்தால் வேறு சிக்கல் வரும். இந்தப் பாம்புக்குக் காற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். ஈரமாக வைத்தால் ஆஸ்பெனில் சில நாட்களில் பூஞ்சணம் பூத்துவிடும்.

பாம்புக்கு ஏன் அவ்வளவு ஈரம்? செதில் போர்த்திய பிராணிக்குத் தண்ணீர் கசியாதே என்று தோன்றலாம். உயிரியலாளர்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். 1972-இல் பால் லிக்ட், ஆல்பர்ட் பென்னட் இருவரும் பிறவியிலேயே செதில் இல்லாத ஒரு பாம்பைச் சோதித்தார்கள். அது இழந்த நீரின் அளவு செதிலுள்ள பாம்பு இழந்த அளவுதான். அப்படியானால் நீரைத் தடுப்பது எது? 1980-இல் ராபர்ட்ஸ், ஹார்வி லில்லிவைட் இருவரும் பாம்புத் தோலிலிருந்து கொழுப்பை மட்டும் கரைப்பான் கொண்டு எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். தோல் அதே தோல், செதில் அதே செதில், ஆனால் நீர் தங்குதடையின்றி ஊடுருவியது. பாம்பைக் காய்ந்துபோகாமல் காப்பது தோலின் நடு அடுக்கில் தாள்தாளாக அடுக்கப்பட்ட மெல்லிய கொழுப்புப் படலம். வெளியே தெரியும் பளபளப்பான ஓட்டுக்கூரை வேறு வேலைக்கு.

அந்தப் படலம் பழசாகும், தேயும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டுக்கொள்ளப் பாம்பு கண்ட வழிதான் சட்டை உரிப்பது. அந்த இயக்கத்தின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முழுவதும், கொழுப்புப் படலம் உட்பட, தயாராகிறது. சில நாட்கள் பாம்பு இரண்டு தோலோடு இருக்கும். பிறகு இரண்டுக்கும் நடுவே நிணநீர் போன்ற ஒரு திரவம் ஊறுகிறது. அப்போதுதான் உடம்பு மங்கி, கண் பாலாடை படிந்தாற்போல நீலம் பாரிக்கும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒற்றைச் செதில், அதற்கும் பழையது புதியது உண்டு, நடுவே திரவம் உண்டு. சில நாளில் அது வற்றிக் கண் தெளியும். அதற்குச் சில நாள் கழித்துப் பாம்பு மூக்கைக் கரடான ஏதாவது ஒன்றில் தேய்க்கும். உதட்டோரம் தோல் பிரியும். அதன்பின் ஊர்ந்து போகப் போக, காலுறையைக் கழற்றுவதுபோலப் பழைய தோல் உள்பக்கம் வெளியாகத் திரும்பி, தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாகக் கழன்று கிடக்கும்.

தோசை வார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கல்லுக்கும் மாவுக்கும் நடுவே எண்ணெய் இருந்தால் ஓரம் தானாக எழும்பும். எழும்பிய ஓரத்தில் திருப்பியை நுழைத்தால் முழு தோசையும் வட்டமாக வந்துவிடும். எண்ணெய் போதாத காய்ந்த கல்லில் ஓரம் எழும்பாது. சுரண்டினால் நடுவில் கிழியும், துண்டு துண்டாக வரும், சில இடங்களில் வரவே வராது. பாம்பின் இரு தோலுக்கு நடுவே ஊறும் திரவம்தான் எண்ணெய். உதட்டோரத் தோல்தான் எழும்பும் விளிம்பு. மூக்கு தேய்க்கும் கல்லோ மரக்கட்டையோ தோசைத் திருப்பி. காற்று வறண்டிருந்தால் பழைய தோல் விறைத்து ஒட்டிக்கொள்ளும். கந்தல் கந்தலாகக் கழன்று, வால் நுனியில் ஒரு வளையம் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கண்மேல் பழைய மூடி தங்கிவிடும். அதை நகத்தால் பெயர்த்தெடுக்கப் பார்த்தால் புதிய மூடியும் சேர்ந்து வரலாம், கண்ணே போய்விடலாம். கல்லில் ஒட்டியதைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து எடுக்கிறார்களே, அதே பொறுமைதான் இங்கும் மருந்து. உவமையை இன்னும் ஒரு படி நீட்டலாம். முதல் தோசைதான் கல்லைப் பழக்கும். பாம்புக் குட்டியும் பிறந்த சில நாளிலேயே முதல் சட்டையை உரிக்கும். கலிஃபோர்னிய கிங் பாம்புக் குட்டிகளை அளந்து 2002-இல் வந்த ஆய்வு, அந்த முதல் உரிப்புக்குப் பிறகுதான் தோல் வழியே நீர் கசிவது கணிசமாகக் குறைகிறது என்று காட்டியது. முட்டைக்குள் ஈரத்தில் இருந்த உயிர் வறண்ட காற்றுக்கு ஏற்ற மேல்சட்டையைப் போட்டுக்கொள்வது அந்த நாளில்.

அப்படியானால் விரிப்பை நன்றாக நனைத்து வைத்துவிட்டால் போதாதா? இங்கேதான் பெரும்பாலான புது வளர்ப்பாளர்கள் தவறுகிறார்கள். பாம்பு நிற்பதில்லை, முழு வயிறும் தரையில்தான் கிடக்கும். ஈரத் தரையில் நாள்கணக்கில் கிடந்தால் வயிற்றுச் செதில்களின் அடியில் கொப்புளம் கட்டும், ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கும், செதில் சிவந்து அழுகும். பாம்புக்குக் காற்று ஈரமாக இருக்க வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும்.

பாம்பு காட்டில் இதை எங்கே கண்டுபிடிக்கிறது? பால் பைத்தான் பகலைக் கழிக்கும் இடங்கள் எலி வளையும் கறையான் புற்றும். புற்றுக்குள் பாம்பு இருக்கும் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும், ஆனால் ஏன் இருக்கிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. வெளியே புல்வெளி வெயிலில் காய்ந்து கிடக்கும்போதும் புற்றின் உள்ளே காற்று ஈரமாக இருக்கும், சுவர் மட்டும் கெட்டியாக, சொட்டாமல் இருக்கும். கண்ணாடித் தொட்டிக்குள் அந்தப் புற்றைச் செய்து தருவதுதான் விரிப்பின் வேலை.

பொள்ளாச்சி வருவது இந்த இடத்தில். தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்ததும் மிஞ்சும் பழுப்புத் தூள் ஒரு காலத்தில் நார் மில்களின் பின்னால் குன்று குன்றாகக் கொட்டிக் கிடந்த தொல்லை. மழையில் அதிலிருந்து வடியும் கருஞ்சாறு பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கும், லிக்னின் மிகுதியாக இருப்பதால் எளிதில் மக்கவும் மக்காது. இன்று அதே தூள் கழுவி, உலர்த்தி, அழுத்திக் கோகோபீட் கட்டியாகக் கப்பல் ஏறுகிறது. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் கட்டிகளில் பெரும்பகுதி பசுமைக் குடில் விவசாயத்துக்கு, ஒரு சிறு பங்கு பாம்புத் தொட்டிகளுக்கு. 650 கிராம் எடையுள்ள செங்கல் அளவுக் கட்டி தண்ணீர் குடித்து எட்டு, ஒன்பது லிட்டர் தூளாகப் பொங்கும். தன் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைத் தாங்கும். மக்காத பிடிவாதம், ஊருக்குத் தொல்லையாக இருந்த அதே குணம், இங்கே பெரும் நன்மை. ஈரமாக இருந்தும் சீக்கிரம் கெடாது. கடலோரத் தோப்பின் தூளிலும், உப்பு நீரில் ஊறிய மட்டையின் தூளிலும் உப்பு தங்கியிருக்கும் என்பதால் நன்றாகக் கழுவிய கட்டியாகத் தேடி வாங்க வேண்டும்.

தூளை விரிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நான்கைந்து அங்குல ஆழத்துக்குப் பரப்பி, மேலே தெளிக்காமல் தொட்டியின் மூலைகளில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நீர் அடிக்குப் போய்த் தங்குகிறது. தூளின் நுண்துளைகள் வழியே அது மேலே ஏறப் பார்க்கும். ஏறவிடாமல் தடுக்க மேல் அடுக்கில் பெரிய மட்டைத் துண்டுகளையோ காய்ந்த இலைகளையோ போடுகிறார்கள். பெரிய இடைவெளிகளால் நுண்துளைகளிலிருந்து நீரை உறிஞ்சி இழுக்க முடியாது. திரவமாக வர வழியில்லாத நீர் ஆவியாக மட்டும் மேலே வரும். கோடை உழவில் மேல் மண்ணைப் புழுதியாக்கி அடி ஈரத்தைக் காக்கும் விவசாயியும், தென்னைக்கு மூடாக்குப் போடுபவரும் செய்வது இதே இயற்பியல்தான். பாம்பின் வயிறு படும் இடம் காய்ந்திருக்கிறது, அது மூச்சு விடும் காற்று ஈரமாக இருக்கிறது.

மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகள் இருப்பது மண்பானைகளில். உள்ளே மணல், வாயில் பருத்தித் துணி. விஷமுறிவு மருந்துக்காகச் சில வாரங்கள் வைத்திருந்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பானை சூட்டைத் தணிக்கும், உள்ளே இருட்டாக இருக்கும், காற்று புகும். விலையுயர்ந்த தொட்டிகள் பாதி தூரம்தான் அந்தப் பானையை எட்டியிருக்கின்றன.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு செய்தி போதும். லண்டன் விலங்குக் காட்சியகத்தில் 1849-இல் ஊர்வன இல்லம் திறந்தபோது பாம்புகளுக்குக் கம்பளி விரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஒரு போவா அந்தக் கம்பளியை இரையென்று விழுங்கி, பல வாரம் வயிற்றில் வைத்திருந்து கக்கியது. விரிப்பு விழுங்க முடியாததாக இருக்க வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. சுண்ணாம்பு மணலை விற்கும் நிறுவனங்களை அது இன்னும் எட்டவில்லை.

புதிதாக வந்த பாம்புக்கு மேற்சொன்ன எதுவும் வேண்டாம். வெள்ளைக் காகிதத் துவாலையோ பழைய செய்தித்தாளோ போதும். பாம்பு உண்ணி என்ற கரும்புள்ளி அளவுப் பூச்சி செதில்களுக்கு நடுவிலும் கண்ணோரத்திலும் ஒட்டி இரத்தம் குடிக்கும். ஒரு பெண் உண்ணி பல டஜன் முட்டைகளை விரிப்பின் இடுக்கில் இடும், அதன் வாழ்க்கைச் சுற்று இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பழுப்புத் தூளில் அவை கண்ணில் படாது, வெள்ளைக் காகிதத்தில் நகரும் புள்ளியாகத் தெரிந்துவிடும். எச்சத்தின் நிறமும் தெரியும், கெட்டியா நீர்த்ததா என்பதும் தெரியும். ஒன்றிரண்டு மாதம் அழகில்லாத காகிதத்தில் வைப்பதுதான் நிஜமான அக்கறை. கடத்தல் பெட்டியிலிருந்து மீட்ட பாம்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

பாம்பின் எச்சத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல ஒரு பகுதி இருக்கும். அது சிறுநீர். யூரியாவுக்குப் பதில் யூரிக் அமிலத்தைக் கட்டியாக வெளியேற்றி நீரை மிச்சம் பிடிக்கும் பிராணி இது. காய்ந்து கிடக்கும்வரை அது வெறும் கட்டி. ஈரத் தூளில் புதைந்து கிடந்தால் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக்கும். மூக்கை அரிக்கும் அந்த வாடை வந்த பிறகு கூண்டைத் திறப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். எச்சத்தை அன்றன்றே சுற்றியுள்ள தூளோடு அள்ளியெடுக்க வேண்டும்.

தொட்டியைக் கழுவும்போது மறுபடியும் வாசனையின் ஏமாற்று. தமிழ் வீடுகளில் சுத்தத்தின் மணம் ஃபினாயிலின் மணம். பைன் எண்ணெயும் ஃபீனால் வகை வேதிப்பொருள்களும் ஊர்வனவற்றுக்கு ஆகாதவை, அந்த மணம் வரும் திரவம் எதையும் பாம்புத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அழுக்கைச் சோப்பு நீரால் முதலில் கழுவிவிட்டு, அதன்பின் நீர்த்த குளோர்ஹெக்ஸிடின் பூசிச் சற்று நேரம் விட்டு அலசினால் போதும். பிளீச்சை அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் சக்தி அழுக்கோடு போய்விடும், அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயுவும் கிளம்பும். இந்த வேலையைச் சமையலறைத் தொட்டியில் செய்யவே கூடாது. நலமாக இருக்கும் பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும், பாம்புக்கு அது ஒன்றும் செய்யாது, வீட்டுக் குழந்தைக்குச் செய்யும்.

‘பயோஆக்டிவ்’ என்ற பெயரில் தானாகவே சுத்தமாகும் தொட்டி என்று இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. மண், செடி, இலைச் சருகு, அவற்றில் மரப்பேன் போன்ற சிறு உயிர்களும் துள்ளும் ஸ்பிரிங்டெயில்களும். அவை பூஞ்சணத்தையும் சிதறிய எச்சத்தையும் தின்பது உண்மை, பார்க்கவும் அழகு. சிறு பாம்புக்கு நன்றாகவே உதவும். முழு எலியை விழுங்கிய மலைப்பாம்பின் ஒருவேளை எச்சத்தை அந்தச் சிற்றுயிர்ப் படை தின்று முடிப்பதற்குள் அம்மோனியா முந்திக்கொள்ளும். கரண்டிக்கு அங்கும் வேலை உண்டு.

விரிப்பு சரியா என்று ஈரப்பத மானியைப் பார்த்தும் சொல்லலாம், ஆனால் பாம்பே தரும் சான்று இன்னும் துல்லியமானது. உரித்த சட்டையைத் தூக்கி எறியாமல், கொஞ்சம் நீரில் நனைத்து விரித்து, தலைப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். வால் நுனிவரை ஒரே துண்டாக இருந்து, தலையில் கடுகைவிடச் சற்றுப் பெரிய இரண்டு கண்மூடிகள் தொலைநோக்கியின் வில்லைபோல வட்டமாக, கலங்காமல் தெரிந்தால் விரிப்பை அப்படியே விட்டுவிடலாம். வில்லை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் மூலைகளில் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும், காணாத வில்லை எங்கே என்று பாம்பின் கண்ணைப் பார்க்க வேண்டும்.